ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு ஓடுகிறதா?

கோடை தொடங்கிவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் போர்வெல் பேச்சுதான். எண்ணூறு அடி ஓட்டியும் புழுதிதான் பறந்தது என்று ஒருவர் தலையில் கை வைப்பார். “இன்னும் இருநூறு அடி விட்டிருந்தா ஆத்தையே பிடிச்சிருக்கலாம்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். மச்சான் தோட்டத்தில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் இரண்டு இஞ்சு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்த கதை அடுத்து வரும். கடன் வாங்கிய கதை, நகை அடகுக்குப் போன கதை எல்லாம் அப்புறம்.

இவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வராது. அந்தத் தண்ணீர் பாறைக்குள் எப்படிப் போனது, அங்கே எந்த வடிவில் இருக்கிறது? இது தெரிந்தால், எவ்வளவு ஆழம் போடலாம், ஏன் ஒரு வயலில் தண்ணீர் இருந்து பக்கத்து வயலில் இல்லை, போன வருடம் ஓடிய போர் இந்த வருடம் ஏன் காற்று வாங்குகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஆறு என்ற நினைப்பு

போர் வண்டி ஓடும்போது சட்டென்று தண்ணீர் இருபதடி உயரத்துக்குப் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, கீழே ஏதோ பெரிய ஓட்டம் அறுபட்டு மேலே வருகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த உயரத்தைக் கொடுப்பது வண்டியில் இருக்கும் கம்ப்ரசர். துளைக்குள் பலமாகக் காற்றைச் செலுத்தி, அரைத்த கல்தூளை மேலே தள்ளுவதுதான் அதன் வேலை. தண்ணீர் கிடைத்தால் அதையும் சேர்த்துத் தள்ளுகிறது. கம்ப்ரசரை நிறுத்தியதும் பீய்ச்சல் அடங்கி, தண்ணீர் தன் மட்டத்துக்கு இறங்கிவிடும்.

பூமிக்கடியில் ஆறு என்பது முழுப் பொய்யும் இல்லை. சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களில் மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகை உண்டாக்கும். அந்தக் குகையில் ஓடை ஓடும். மேகாலயாவில் இப்படிப்பட்ட குகைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன.

நம் இரண்டு மாவட்டங்களின் அடித்தளம் வேறு. பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று பெயர் பெற்ற கடும்பாறைகள். சுமார் 250 கோடி ஆண்டு வயது. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிப் படிகமான பாறைகள் இவை. தண்ணீரில் சுண்ணாம்பு போலக் கரைந்து குகையாகும் குணம் இவற்றுக்குக் கிடையாது. உடையாத நல்ல பாறையில் காலியிடம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆறு ஓட அங்கே இடமே இல்லை.

மொட்டைமாடியில் தேங்கிய மழை

அப்படியானால் தண்ணீர் எங்கே இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி போதும்.

கீழே கான்கிரீட் தளம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்துப் போட்ட சுருக்கி. மழை பெய்யும்போது சுருக்கி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கான்கிரீட் குடிக்காது. ஆனால் கான்கிரீட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால், சுருக்கியில் ஊறிய தண்ணீர் அதன் வழியாக இறங்கி, அறைக்குள் சொட்டும்.

இந்தச் சொட்டலைக் கவனித்தவர்களுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்கும். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் சொட்டு நிற்காது, ஏனென்றால் சுருக்கிக்குள் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. விரிசல் எங்கோ தொடங்கி எங்கோ முடியும். அப்புறம், விரிசல் இல்லாத இடத்தில் கூரையை எவ்வளவு குடைந்தாலும் ஒரு சொட்டு வராது.

நம் ஊர் நிலத்தடியும் இதே கட்டுமானம்தான். மேலே ஊறும் படலம், கீழே ஊறாத பாறை, பாறையில் அங்கங்கே விரிசல்.

குவாரி ஓரத்தில் தெரியும் வெட்டுமுகம்

பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் குவாரிகளைப் பார்த்திருப்பீர்கள். வேலை நடக்காத குவாரி ஒன்றின் எதிர்க்கரையிலிருந்து அதன் சுவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள் (ஓரத்துக்குப் போக வேண்டாம்). பாடப்புத்தகப் படத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

உச்சியில் இரண்டு மூன்றடி செம்மண். வேர்கள் தொங்கும். அதற்குக் கீழே மண்ணும் இல்லை, கல்லும் இல்லை என்ற நிலையில் ஒரு பழுப்புப் பகுதி. பார்த்தால் கல் போலத்தான் இருக்கும், கோடுகள்கூட அப்படியே தெரியும், ஆனால் கடப்பாரையால் குத்தினால் பொலபொலவென உதிரும். கிணறு வெட்டியவர்களுக்கு இது பழக்கமான பகுதி. பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நைந்து போனதன் மிச்சம் இது. இதைச் சிதைவுப் படலம் என்கிறார்கள். சில இடங்களில் பதினைந்து அடியில் முடிந்துவிடும். சில இடங்களில் எண்பது அடிவரை போகும். ஒரே வயலின் இரண்டு மூலைகளில்கூட இது மாறலாம்.

அதற்கும் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் பாறை. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அவைதான் பிளவுகள், அதாவது பாறை இறுகிய பிறகு பூமியின் அசைவால் வெடித்த வெடிப்புகள். சில பிளவுகளின் ஓரம் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். தண்ணீர் அவ்வழியே போய்வந்ததற்கான தடயம் அது. பாறையில் உள்ள இரும்பு ஈரத்திலும் காற்றிலும் துருவேறியிருக்கிறது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சில பிளவுகளின் வாயில் மட்டும் பாசி படிந்து ஈரம் கசிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் உள்ள பாறை முகம் காய்ந்து கிடக்கும்.

போர் போடும் இடத்திலும் இதே கதைதான், துளையிடும் கம்பியான ராட் ஒவ்வொன்றாக இறங்க இறங்கத் தெரியும். முதலில் செம்மண், பிறகு பழுப்புத் தூள். அது சரிந்து துளையை மூடிவிடாமல் இருக்கத்தான் அதுவரை கேசிங் பைப் இறக்குகிறார்கள். அப்புறம் சாம்பல் நிற மாவு பறக்கும். நடுவில் திடீரெனச் சாம்பலோடு பழுப்புத் துணுக்குகள் கலந்து வந்தாலோ, மாவு ஈரமாகிக் கட்டிக் கட்டியாக விழுந்தாலோ, வண்டிக்காரர் முகம் மாறும். “கேப் வருதுங்க” என்பார். அவர் சொல்லும் கேப்தான் பிளவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தண்ணீரைச் சேர்த்து வைப்பது மேலே உள்ள சிதைவுப் படலம். கீழே கொண்டுபோவது பிளவு. நடுவில் உள்ள நல்ல பாறைக்குத் தண்ணீரோடு சம்பந்தமே இல்லை.

ஒரு பிளவில் எத்தனை லிட்டர்?

இங்கேதான் பெரும்பாலோர் கணக்கு தப்புகிறது. பிளவில் தண்ணீர் கிடைத்ததும், பிளவுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு ஏக்கர் நிலத்துக்கு அடியில், அந்த ஏக்கர் முழுக்கப் படுக்கையாக ஒரு பிளவு பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இடைவெளி 1 மில்லிமீட்டர். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் பிளவுக்குள் இருக்கும் மொத்தத் தண்ணீர் சுமார் 4,000 லிட்டர். தெருவுக்கு வரும் ஒரு டிராக்டர் டேங்கர் அளவுகூட இல்லை!

இப்போது மேலே உள்ள சிதைவுப் படலத்தைப் பாருங்கள். அதில் 10 மீட்டர் கனத்துக்கு நீர் ஊறியிருக்கிறது என்று கொள்வோம். ஊறியது எல்லாம் நமக்குக் கிடைக்காது. துகள்களில் ஒட்டிக்கொண்டு வராமல் நிற்பது நிறைய. நம் பகுதி நைஸ் பாறை நைந்த படலத்தில், கன அளவில் நூற்றுக்கு 2 பங்கு தண்ணீர் வெளியே வரும் என்று எடுத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அப்படிப் பார்த்தால் அதே ஒரு ஏக்கரில் சுமார் 8 லட்சம் லிட்டர்.

நான்காயிரம் எங்கே, எட்டு லட்சம் எங்கே.

ஆனால் பாதையாகப் பார்த்தால் பிளவைப் போல வேகமானது வேறில்லை. பிளவின் இடைவெளி இரண்டு மடங்கானால் அதில் பாயும் தண்ணீர் எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. அதனால்தான் பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு துளைகளில் ஒன்று பீய்ச்சுகிறது, ஒன்று சொட்டுகிறது. இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டராகக்கூட இருக்கலாம். பத்தடி தள்ளினால் ஆறு தப்பிவிட்டது என்று பொருள் இல்லை.

போர்க் குழியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கமான ஆறரை இஞ்சு துளை ஆயிரம் அடி ஆழத்துக்கு நிரம்பியிருந்தால், அந்தத் துளைக்குள் மட்டும் சுமார் 6,500 லிட்டர் நிற்கும். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் போட்டால் நாற்பது நிமிடத்தில் காலி. “காலையில போட்டா அரை மணி நேரம் நல்லா ஊத்துது, அப்புறம் நின்னுடுது, மறுநாள் மறுபடியும் ஊத்துது” என்று சொல்லப்படும் போர்களில் பல இந்த வகைதான். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறங்கியதைத்தான் காலையில் இறைக்கிறார்கள். பல லட்சம் செலவழித்து ஆறரை இஞ்சு அகலத்தில் ஒரு தொட்டி கட்டியது போல ஆகிவிடுகிறது.

இன்னும் ஆழம் போனால்?

ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரம் கூடுகிறது. பிளவுகள் அழுந்தி மூடிக்கொள்கின்றன. நல்ல தண்ணீர் தரும் பிளவுகள் பெரும்பாலும் முதல் முந்நூறு அடிக்குள் இருக்கும். அதற்குமேல் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். குறையும் என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. தொள்ளாயிரம் அடியில் தண்ணீர் கண்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தண்ணீர் அங்கேயே பிறந்தது இல்லை. மேலே பெய்த மழைதான், பிளவு பிளவாக மாறி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறது. எடுத்த பிறகு திரும்ப நிரம்பவும் அதே போல நாளாகும். ஆழத்துப் போர் முதல் மாதம் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த கோடையில் கையை விரிப்பது இதனால்தான். மொட்டைமாடி விரிசலைப் பெரிதாக்கினால் சொட்டு வேகமாக வரும். சுருக்கியும் சீக்கிரம் காயும். புதிதாகத் தண்ணீர் எதுவும் சேர்வதில்லை.

என் கருத்தில், முந்நூறு அடிக்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு நூறு அடியும் லாட்டரிச் சீட்டு மாதிரி. பரிசு விழுந்தவர் பெயர் ஊர் முழுக்கத் தெரியும். விழாதவர்கள் பேசாமல் கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்துத் தோட்டம்

“அவங்க போர் போட்டதிலிருந்து எங்க தண்ணி போச்சு” என்ற சண்டை இல்லாத ஊர் கிடையாது. இதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் எப்போதும் இல்லை.

ஒரு போரில் இறைக்கும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் குழிந்து இறங்கும். நீர்மட்டம் என்பது நிலத்துக்குள் எந்த ஆழம் தொடங்கி இடுக்குகள் முழுக்கத் தண்ணீரால் நிறைந்திருக்கின்றனவோ அந்த மட்டம். போருக்கு அருகே அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இறங்குவதால் அந்தக் குழிவு தலைகீழ்க் கூம்பு வடிவில் இருக்கும். இரண்டு போர்களின் கூம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், இரண்டிலும் தண்ணீர் குறையும். ஆழமானது தப்பிக்கும், மேலோட்டமானது முதலில் காயும். திறந்த கிணறுகள் முதலில் வற்றியது இப்படித்தான்.

ஆனால் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் கதை வேறு. நம் பகுதியில் குன்றுச் சரிவுகளில், யாரோ வரிசையாக அடுக்கி வைத்தது போல உருண்டைக் கரும்பாறைகள் நீளமாகப் போவதைப் பார்த்திருக்கலாம். பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் உருகிய குழம்பு ஏறி உறைந்ததில் உண்டான கற்சுவர்கள் அவை. இவற்றுக்கு டைக் என்று பெயர். கறுப்பு கிரானைட் என்று மெருகேற்றி விற்பது பெரும்பாலும் இந்தக் கல்தான். பூமிக்குள் செங்குத்தாக நிற்கும் இந்தச் சுவர் சில இடங்களில் நிலத்தடி நீரை அணை போலத் தடுத்துவிடும். சுவருக்கு ஒரு பக்கத் தோட்டத்தில் நாற்பது அடியில் தண்ணீர் நிற்கும். மறுபக்கத்தில் நானூறு அடியிலும் புழுதி பறக்கும். வரப்பு ஒன்றுதான், ஆனால் கீழே அவை இரண்டும் வேறு வேறு ஊர். டைக்கே வெடித்திருந்தால் அதன் ஓரமே நல்ல நீர்ப்பாதையாகவும் இருக்கும். அதனால் அதைப் பார்த்ததும் நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடிவு கட்ட முடியாது.

தேங்காய் ஏன் எழுகிறது?

உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நிற்பதையும், கவட்டைக் குச்சி கீழே வளைவதையும் நேரில் பார்த்தவர்கள் நம்பாமல் இருப்பது கஷ்டம். நீரோட்டம் பார்ப்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். பலர் மனதார நம்பித்தான் நடக்கிறார்கள்.

உள்ளங்கையில் தேங்காய் நிலையில்லாமல்தான் இருக்கும். விரல் ஒரு நூலளவு அசைந்தாலும் அது புரளும். கவட்டைக் குச்சியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும்போது மணிக்கட்டின் சிறு திருப்பம் நுனியில் பெரிய அசைவாகத் தெரியும். மனதில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தால், நமக்கே தெரியாமல் தசை அதற்கேற்ப அசையும் என்பதை 1852-இலேயே இங்கிலாந்தின் வில்லியம் கார்பென்டர் விளக்கியிருக்கிறார்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1987, 1988 ஆண்டுகளில் ஜெர்மனியில் மியூனிக் நகரை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில், கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைத்து, மேல்தளத்தில் நடப்பவர்களை இடம் சொல்லச் சொன்னார்கள். பெரிய கூட்டத்திலிருந்து திறமைசாலிகள் என்று தேர்ந்தெடுத்த 43 பேர், 843 முறை. சோதனை நடத்தியவர்கள் ஒரு சிலர் சரியாகச் சொன்னதாக மகிழ்ந்தார்கள். அதே எண்களைப் பிறகு அலசிய அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட், குருட்டாம்போக்கில் சொன்னால் என்ன வருமோ அதுதான் வந்திருக்கிறது என்று காட்டினார்.

அப்படியானால் தேங்காய் காட்டிய இடத்தில் தண்ணீர் வருவது எப்படி? சிதைவுப் படலம் ஓரளவு கனமாக உள்ள நிலத்தில், எங்கே தோண்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு, இருபது வருடம் ஊர் ஊராக நடந்தவருக்குப் பள்ளம் எங்கே, கோடையிலும் எந்த வரிசை மரங்கள் பச்சையாக நிற்கின்றன, சுற்றியுள்ள போர்கள் எத்தனை அடி என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். கண் சொன்னதைக் கை செய்கிறது. பெருமை தேங்காய்க்குப் போய்விடுகிறது.

நிலத்தில் நான்கு இரும்புக் கம்பிகள் அடித்து மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு இதைவிட மேல். ஈரமான சிதைவுப் படலம் மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த பாறை விடாது. எனவே படலத்தின் கனத்தை ஓரளவு நன்றாகவே கணிக்கலாம். ஆனால் எழுநூறு அடியில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் பிளவை அது காட்டாது. காட்டும் என்று உறுதி கொடுப்பவரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

மழைக் கணக்கு

தருமபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை. கிருஷ்ணகிரியிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு ஏக்கரில் விழும் மொத்த மழை 34 லட்சம் லிட்டர். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகவும் செடி கொடிகள் உறிஞ்சியும் போய்விடும். கொஞ்சம் ஓடையில் ஓடிவிடும். நம் வகைப் பாறை உள்ள நிலத்தில் மண்ணைத் தாண்டிக் கீழே இறங்குவது சுமார் பத்தில் ஒரு பங்கு. இப்படி இறங்கி நிலத்தடியில் சேர்வதற்கு நீர் செறிவு என்று பெயர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 3.4 லட்சம் லிட்டர்.

மணிக்கு 10,000 லிட்டர் மோட்டாரை ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓட்டினால் 60,000 லிட்டர். ஒரு ஏக்கரின் ஓராண்டு வரவு ஆறே நாளில் தீர்ந்தது. அதற்குமேல் வருவது சுற்றியுள்ள நிலங்களில் இறங்கியது, அல்லது முன்பு எப்போதோ சேர்ந்தது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்கு, முழுக்கப் பாசனத்தை நம்பினால், ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல் தேவைப்படும். சொட்டுநீர் போட்டால் வீணாவது குறையும், மழைக்காலப் பயிரானால் வானமே பாதி கொடுத்துவிடும். ஆனாலும் எல்லா ஏக்கரிலும் எல்லாப் பருவமும் இறைத்தால் இந்த வரவு போதாது என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் தெரியும்.

ஏரி நிரம்பிய வருடம் அதன் கீழே உள்ள கிணறுகளில் தண்ணீர் ஏறுவதும் இதே கணக்கில்தான். ஓடிப்போக வேண்டிய தண்ணீர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. படலத்துக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. ஏரியின் தரையில் வழவழப்பான களிமண் வண்டல் தடித்துவிட்டால் இறங்குவது குறையும். வண்டல் எடுத்து வயலில் போட்டது உரத்துக்கு மட்டும் இல்லை.

ஆழத்துத் தண்ணீரும் பல்லில் காவியும்

ஆழமாகப் போனால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. கிருமி குறைவாக இருக்கும் என்பதுவரை சரி. ஆனால் தண்ணீர் பாறையோடு எத்தனை காலம் இருக்கிறதோ, அத்தனைக்குப் பாறையிலிருந்து உப்புகளை வாங்கிக்கொள்ளும். நம் கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மெல்ல இறங்கி, நாள்பட்டுக் கிடந்த தண்ணீரில் அது கூடுதலாகக் கரைந்திருக்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலே கெட்டு, முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் காவிக் கோடுமாக வரும். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் நடுவயதுக்காரர்கள் பலரின் சிரிப்பில் இது தெரியும். சரியாகப் பல் துலக்காததால் வந்த கறை என்று அவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. அது ஆறேழு வயதுக்குள் குடித்த தண்ணீரின் வேலை, எந்தப் பற்பசையாலும் போகாது. அளவு இன்னும் கூடி, பல ஆண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் போடப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் மேலே ஓடி வருவது. பாறைக்குள் கிடந்து ஊறியது இல்லை. அதனால் அதில் ஃபுளோரைடு குறைவு.

காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் பயன்படாது. ஆர்ஓ இயந்திரம் பெருமளவு நீக்கும். நிறம், மணம், ருசி எதிலும் ஃபுளோரைடு தெரியாது என்பதால், பரிசோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இதைச் செய்கிறார்கள். கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழியில் தேங்கி நின்றது போன பிறகு வருகிற தண்ணீரைப் பிடிப்பது நல்லது. போரின் ஆழத்தையும் கேசிங் எத்தனை அடி என்பதையும் ஒரு சீட்டில் எழுதி பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தால், ஆய்வகத்தாருக்கும் உதவியாக இருக்கும்.